அமாவாசைக்கு மட்டும் படியேறிய கடல்

போன மாதம் எங்கள் பழைய கம்பெனியின் பம்பாய்ச் செம்பூர் லேபிலிருந்து ஒரு பெண் எனக்குப் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு பிறந்தவளாக இருக்க வேண்டும். திலக் நகரில் வீடு. வீட்டில் சின்னதாக ஒரு கடல் தொட்டி வைக்கப் போகிறாளாம். தங்கமீன் விடுகிற சாதாரணத் தொட்டி அல்ல. உப்புத் தண்ணீர், பாறை, பவளம், கடல் சாமந்தி எல்லாம் வைத்து, கடலில் ஒரு மூலையை வெட்டி எடுத்து வந்த மாதிரி.

"அங்கிள், கம்பெனி மலர்ல படிச்சேன். அறுபதுகள்லயே விஸ்வநாதன் சார் மாட்டுங்கா வீட்டுல இது வச்சிருந்தாராமே. நீங்கதான் ஹெல்ப் பண்ணீங்களாம். ஃபர்ஸ்ட் டைம் வைக்கிறவங்களுக்கு டிப்ஸ் ஏதாவது குடுங்க நா," என்றாள்.

மலரை வரவழைத்து நானும் படித்தேன். எங்கள் சீஃப் கெமிஸ்ட் விஸ்வநாதன் சாரைப் பற்றி இரண்டு பக்கம். சந்திரன் தேய்வதையும் வளர்வதையும் ஒட்டித் தொட்டித் தண்ணீரை மாற்றும் முறையை வகுத்தவராம். செம்பு பட்டால் கடல் உயிர்கள் சாகும் என்பதைத் தம் வீட்டிலேயே ஆராய்ந்து நிறுவியவராம். கடைசியில் சின்ன எழுத்தில், உதவி சூசை என்று போட்டிருந்தது. அந்தச் சூசை நான்தான். இந்த இரண்டு கண்டுபிடிப்பும் நடந்த லட்சணத்தைப் பார்த்தவர்களில் இப்போது மிச்சம் இருப்பவனும் நான்தான். செத்தவரைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். குறை சொல்லப் போவதில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

என் ஊர் சாத்தான்குளத்துக்குப் பக்கம். தேரி என்கிற செம்மணல் மேடும் பனையும்தான் உண்டு. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் வருடத்துக்கு ஒரு தடவை, மாதா கோயில் திருவிழாவுக்கு வண்டி கட்டிப் போகவேண்டும். பம்பாய்க்கு வந்து தாராவியில் சித்தப்பா வீட்டில் ஒண்டிக்கொண்டு வேலை தேடியபோது, லேப் அட்டெண்டர் வேலைக்கு ஆள் எடுத்தவர் விஸ்வநாதன் சார். எந்த ஊர் என்று கேட்டார். தூத்துக்குடிப் பக்கம் என்றேன். அதை ஒரு தாளில் குறித்துக்கொண்டார். அந்தக் குறிப்பு மூன்று வருடம் கழித்து என் கழுத்தைப் பிடிக்கும் என்று அன்று எனக்குத் தெரியாது.

வேலை டெம்பரவரி. ஆறு மாதம் முடிகிற சமயத்தில் இரண்டு நாள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மூன்றாம் நாள் புது ஆள் மாதிரி சேர்த்துக்கொள்வார்கள். இப்படி மூன்று வருடத்தில் ஆறு தடவை அதே கம்பெனியில் சேர்ந்தேன். அதே கண்ணாடிக் குடுவையைத்தான் ஆறு தடவையும் கழுவினேன். அம்பர்நாத்தில் ரோஸ்மேரி என்று ஒரு பெண்ணை எனக்குப் பேசி வைத்திருந்தார்கள். அவளுக்கும் எனக்கும் சம்மதம். அவள் அப்பா அருளப்பர் அங்கே ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேன். அவர் ஒரே வார்த்தையில் நின்றார்.

"பெர்மனென்ட் ஆயிட்டு வாரும். டெம்பரவரி மாப்பிள்ளைக்குப் பொண்ணக் குடுத்தா ஊர்ல என்னைய என்னன்னு சொல்லுவாவ?"

என்னைப் பெர்மனென்ட் ஆக்கும் காகிதம் விஸ்வநாதன் சாரின் மேஜை டிராயரில் கிடந்தது. அதில் அவர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அவர் சுபாவத்தைச் சொல்லிவிடுகிறேன். கெட்டிக்காரர், கை சுத்தம். ஒரு குடுவையைக் கழுவினால் பதினோரு தடவை கழுவ வேண்டும். பத்துத் தடவை கழுவியவனைக் கண்ணாடியைப் பார்த்தே கண்டுபிடிப்பார். சாதாரணமாக நான் அவருக்குச் 'சூசை'. கோபம் வந்தால் 'மிஸ்டர் சூசை'. அந்த மிஸ்டரைக் கேட்டால் லேபே வாயை மூடிக்கொள்ளும். எதைக் கேட்டாலும் பதில் "லெட் அஸ் சீ" என்பதுதான். என் காகிதத்தைப் பற்றிக் கேட்டபோதும் அதைத்தான் சொன்னார்.

கம்பெனி அவரை வெளிநாட்டுக்கு அனுப்பியது. ரசாயனம் படிக்கப் போனவர், அங்கே ஒரு சகா வீட்டு ஹாலில் கடல் தொட்டியைப் பார்த்து மயங்கித் திரும்பினார். ஒரு குட்டிக் காற்று பம்பும் தடிமனான ஒரு புத்தகமும் வாங்கி வந்திருந்தார். வந்த மறுநாளே என்னைக் கூப்பிட்டு, "நீ கடற்கரை ஆள் இல்லையா? ஐ ஹேவ் இட் இன் ரைட்டிங்," என்றார். தேரி மணலைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். டிராயர் ஞாபகம் வந்தது. ஆமாம் சார் என்றேன்.

தொட்டி தாராவியில் தயாரானது. மூன்றடி நீளம், ஒன்றரை அடி உயரம். இரும்பு ஆங்கிளில் சட்டம், அதற்கு நாலு கோட் பெயிண்ட், கண்ணாடி பதிக்கத் தார் கலந்த மக்கு. சாதாரணச் சிவப்பு மக்கில் ஈயம் இருக்கிறது, ஆகாது என்றார் சார். மாட்டுங்காவில் அவர் வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. வெறும் தொட்டியை ஏற்றவே நாலு பேர் வேண்டியிருந்தது. குழாய்த் தண்ணீர் நிரப்பி ஒரு வாரம் ஒழுகுகிறதா என்று பார்த்தோம். பிறகு மணல். ஒரு வாளி மணலைக் கழுவினால் முதலில் காப்பி நிறத்தில் தண்ணீர் வரும். அது தெளிந்து, வாளியின் அடியில் ஊசி போட்டால் தெரிகிறவரை கழுவ வேண்டும். எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. சார் எண்ணி நோட்டில் எழுதினார். இனிக் கடல் தண்ணீரை ஊற்றுவதுதான் பாக்கி என்ற இடத்தில் மாமி வந்தாள்.

மாமி என்றால் சாரின் மனைவி. சன்னமான குரல். அதை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அதற்கு அவசியமும் ஏற்பட்டதில்லை.

"சமுத்திர ஜலமா கொண்டுவரப் போறேள்?" என்று கேட்டாள்.

"ஆமாம். வாரா வாரம் கொஞ்சம் மாத்தணும்."

"வாரா வாரமெல்லாம் முடியாது. பர்வ காலத்துல தவிர சமுத்திரத்தைத் தொடப்படாது. அமாவாசை, பௌர்ணமி, அவ்வளவுதான். மத்த நாள்ல சமுத்திரம் இந்தப் படி ஏறப்படாது."

"இது சயின்ஸ்."

"இருக்கட்டும். அமாவாசைக்கு வரச் சொல்லுங்கோ."

சார் என்னைப் பார்த்தார். நான் மணல் வாளியைப் பார்த்தேன். அப்படித்தான் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை என்ற விதி பிறந்தது. பின்னால் புத்தகத்தைப் புரட்டியபோது அந்த அளவு தொட்டிக்கு அதுவே சரியான இடைவெளி என்று போட்டிருந்ததாம். அதோடு அமாவாசை, பௌர்ணமியில்தான் கடல் ரொம்ப தூரம் உள்வாங்கும், வர்ளிக் கடற்கரையில் பாறைகள் அடிவரை தெரியும். பிடிக்க வேண்டியதைக் குனிந்தே எடுத்துவிடலாம். சார் இதையெல்லாம் தன் நோட்டில் லூனார் மெதட் என்று தலைப்புப் போட்டு எழுதிக்கொண்டார். மலரில் வந்தது அதுதான்.

வர்ளிக்கு இரண்டு பேரும் போவோம். சார் ஈரம் படாத பாறையில் பேப்பரை விரித்து, குடையைப் பிடித்துக்கொண்டு, கடல் ஏறி இறங்கும் நேர அட்டவணையோடு உட்கார்ந்துவிடுவார். நீச்சல் தெரியாத நான் இடுப்பளவு தண்ணீரில். "பயப்படாதே, உனக்கு ரத்தத்துலயே இருக்கு," என்று தைரியம் சொல்வார். பச்சைப் பாய் விரித்த மாதிரி உயிர்கள் ஒட்டிய இரண்டு பாறை, தட்டையான ஒரு பவளத் துண்டு, சங்கு வீட்டுக்குள் குடியிருக்கும் நண்டு நாலைந்து, மூன்று கடல் சாமந்தி. சாமந்தியைப் பிய்த்தால் செத்துவிடும். அது ஒட்டியிருக்கும் கல்லோடு சேர்த்துப் பெயர்க்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அரைமணி ஆனது. இரண்டு கேன் தண்ணீரையும் நான்தான் மூன்று மாடி சுமந்தேன்.

உள்ளே ஊற்றும் முன் ஒவ்வொரு கேனுக்கும் சோதனை உண்டு. மிதக்கும் கண்ணாடிக் குழாயை விட்டு உப்பின் கனத்தைப் பார்க்க வேண்டும். கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுவந்து, ஓரத்தில் ஏறி நிற்கும் தண்ணீரை விட்டுவிட்டு, நடுப்பள்ளத்தைப் படிக்க வேண்டும். நான் படிப்பேன், சார் படிப்பார், இரண்டும் ஒத்தால் எழுதுவார். ஒத்தாலும் மூன்றாவது தடவை படிப்பார். இந்த ஒரு விஷயத்தில் அவரைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. பிற்பாடு லேபில் என் கணக்கு ஒரு நாளும் தப்பாததற்கு இந்தப் பழக்கம்தான் காரணம்.

சாமந்தி பூவென்றே சார் மாமியிடம் சொல்லி வைத்திருந்தார். ஊதா நுனியோடு விரிந்து ஆடும்போது பூ மாதிரிதான் இருக்கும். ஆனால் அது தின்கிற பூ. இறால் துண்டு வேண்டும். அந்த வீட்டுக்குள் இறாலா? தாராவியில் நறுக்கி, சின்ன மருந்து பாட்டிலில் அடைத்துக் கொண்டுபோவேன். பாட்டிலின் மேல் சார் தன் கையாலேயே ரீஏஜென்ட் என்று, சோதனை ரசாயனம் போல, எழுதி ஒட்டியிருந்தார். மாமி அந்த பாட்டிலை ஒரு தடவை பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். எனக்குக் காப்பி தருவதற்கென்று ஜன்னலோரம் தனியாக ஒரு கண்ணாடி டம்ளர் இருந்தது. ஹாலைத் தாண்டி எனக்கு அனுமதி இல்லை. கடலுக்கு மாதம் இரண்டு நாள், எனக்கு ஹால் மட்டும். அந்த வயதில் அது எனக்குச் சுருக்கென்று தைக்கும். ஆனாலும் காப்பி நன்றாக இருக்கும், குடித்துவிடுவேன்.

மாட்டுங்காவில் ஒரு மூன்றாம் மாடிக்கு அமாவாசைதோறும் சமுத்திரம் வருகிறது என்ற சேதி பரவியது. கட்டடத்தில் இருந்த மாமாக்கள் ஆளுக்கொரு சொம்போடு வந்தார்கள். குளிக்கிற தண்ணீரில் கலந்தால் சமுத்திர ஸ்நானம் ஆயிற்று, பஸ்ஸும் ஏற வேண்டாம், மணலும் ஒட்டாது. சார் அந்த நேரம் குளியலறையில் இருப்பார். எனக்கு மூன்றாவது கேன் சுமக்க வேண்டி வந்தது.

இரண்டு மாதம் எல்லாம் நன்றாக நடந்தது. பிறகு சாமந்திகள் வாடத் தொடங்கின. விரிந்தே இருந்தவை முஷ்டி மடக்கியதுபோல் சுருங்கிக்கொண்டன. ஒன்று கல்லை விட்டு உருண்டு செத்தது. பத்து நாளில் இன்னொன்று. சங்கு நண்டுகளில் இரண்டு போயின. சார் புத்தகத்தைப் பார்த்தார், உப்பைப் பார்த்தார், சூட்டைப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்ததால் என்னைப் பார்த்தார்.

"மிஸ்டர் சூசை, கேனை எத்தனை தடவை கழுவினீர்?"

"பதினொண்ணு சார்."

"கையில எண்ணெய் இருந்ததா?"

"இல்ல சார்."

"பீடி?"

"பழக்கமில்ல சார்."

"வேற யாரு தொட்டியில கைவைக்கிறா? நீர் ஒருத்தர்தான். ஞாயித்துக்கிழமை ஜெனரல் மேனேஜர் வரார், இதைப் பார்க்கறதுக்குன்னே வரார். மிச்சம் இருக்கற ஒண்ணு அன்னிக்கு விரிஞ்சிருந்தா திங்கட்கிழமை உம்ம பேப்பர்ல கையெழுத்து. இல்லேன்னா வேற ஆளைப் பார்த்துக்க வேண்டியதுதான்."

ஒரு சாமந்தி வாயைத் திறந்தால் எனக்குக் கல்யாணம். அன்று புதன்கிழமை.

சனிக்கிழமை அரைநாள் லேப் முடிந்து, சார் ஒரு மீட்டிங்கில் இருக்கும்போது, கண்ணாடி துடைக்க என்று வீட்டுக்குப் போனேன். வேறு எதுவும் தோன்றாமல் பின்பக்கப் பாறையை நகர்த்தினேன். மணலில் ஏதோ விரலில் தட்டுப்பட்டது. எடுத்தால் ஓட்டைக் காலணா. பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. துழாவத் துழாவ வந்துகொண்டே இருந்தது. ஓட்டைக் காலணா, ராஜா தலை போட்ட பழைய செப்புக் காலணா, ஒரு கை நிறைய. பைசா வந்த பிறகு கடையில் யாரும் வாங்காத காசுகள். தீர்த்தம் என்றால் காசு போட வேண்டும், செல்லுகிற காசாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? சொம்போடு வந்தவர்கள் ஆளுக்கு ஒன்றாகச் சமுத்திர ராஜாவுக்குத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். உப்புத் தண்ணீரில் செம்பு கரைந்தால் விஷம் என்று சாரின் லேபில் பாட்டில் கழுவுகிறவனுக்குக்கூடத் தெரியும்.

மாமியைக் கூப்பிட்டு உள்ளங்கையை நீட்டினேன்.

"இதுதான் மாமி கொல்லுது. சார் என்னையச் சொல்றாரு. ரெண்டு செத்துப்போச்சு. இதுவும் செத்தா என் வேலை போயிரும், கல்யாணமும் போயிரும்."

மாமி காசுகளைப் பார்த்தாள். "பக்கத்தாத்து மாமா போட்டிருப்பார்," என்றாள். பிறகு, "முதல் காசு நான் போட்டது," என்றாள்.

"எதுக்கு மாமி?"

"இவருக்குக் கோபம் கொறையணும்னு வேண்டிண்டேன். செல்லாத காசைப் போட்டா எப்படிப் பலிக்கும்? போறது. இப்ப என்ன பண்ணணும் சொல்லு."

"மேல் மணலை அள்ளி எறியணும். முடிஞ்ச மட்டும் தண்ணி மாத்தணும். இன்னிக்கே."

மாமி சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தாள். தசமி. சமுத்திரத்துக்கும் தசமிக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. என் கல்யாணம் அந்தக் காலண்டர் தாளில் தொங்கிக்கொண்டிருந்தது.

"சேதுவுக்கு மட்டும் நாள் கிழமை கிடையாது," என்று யோசித்துக்கொண்டே சொன்னாள். "ராமேஸ்வரத்துச் சமுத்திரத்தை எப்ப வேணா தொடலாம். உனக்கு ஊர்ல மனுஷா இருக்காளோன்னோ?"

"இருக்காவ மாமி."

"அவா யாராவது ரயில்ல சேதுத் தண்ணி அனுப்பிச்சிருந்தா, அதை வேண்டாம்னு சொல்ல நான் யாரு?"

கேன்களைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். வர்ளிக்குப் பஸ், பாறையில் ஓட்டம், திரும்பப் பஸ். இரண்டு மணி நேரத்தில் சேதுத் தண்ணீர் மாட்டுங்கா வந்து சேர்ந்தது.

"ரயில் லேட்டோ?" என்று கேட்டாள் மாமி.

"ஆமா மாமி. தாதர்ல நின்னுட்டு."

"உள்ள கொண்டு வா."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சாமந்தி நுனி நுனியாகப் பிரிந்தது. பதினொன்றுக்கு ஜி.எம். வந்தபோது முழுசாக விரிந்து ஆடிக்கொண்டிருந்தது. நான் ஜன்னலோரம் நின்று மாதாவுக்கு நன்றி சொன்னேன். ஜி.எம். இரண்டு நிமிடம் பார்த்தார். இது என்ன செய்யும் என்று ஆங்கிலத்தில் கேட்டார். விரியும், சுருங்கும் என்றார் சார். பிறகு ஜி.எம். மாமியின் கேசரியை இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு, தன் பங்களாவுக்கும் இந்த மாதிரி ஒன்று வேண்டும் என்று சொல்லிப் போனார்.

திங்கட்கிழமை டிராயர் பக்கம் போய் நின்றேன். காசு விஷயத்தை மாமி ஏற்கெனவே சொல்லியிருந்தாள் போலும், சார் நோட்டில் செம்பைப் பற்றி ஒரு பக்கம் எழுதி முடித்திருந்தார்.

"பார் சூசை," என்றார். மிஸ்டர் இல்லை, நல்ல மூட். "நீ பெர்மனென்ட் ஆயிட்டா யூனியன் ஆள். உன்னை வீட்டு வேலைக்கு அனுப்பினா டைம் ஆஃபீஸ்ல கேள்வி வரும். ஜி.எம். தொட்டி வேற இருக்கு. இப்படியே ஓடட்டும். லெட் அஸ் சீ."

நன்றாக வேலை செய்ததால் என்னை டெம்பரவரியாகவே வைத்திருக்கத் தீர்மானித்துவிட்டார். சாமந்தி செத்திருந்தால் வேலை போயிருக்கும், பிழைத்ததால் பெர்மனென்ட் போயிற்று. அன்று எனக்கு அழுகை வந்தது, குடுவை கழுவும் தொட்டியில் முகத்தையும் கழுவிக்கொண்டேன்.

அந்த வாரம் இறால் போடப் போனபோது மாமி கேட்டாள், "உன் காகிதத்துல கையெழுத்துப் போட்டாரா?"

நடந்ததைச் சொன்னேன். "அப்படியா சொன்னார்," என்றாள். அவ்வளவுதான்.

பௌர்ணமியன்று கேன்களோடு மூன்றாம் மாடி ஏறினேன். வாசலில் மாமி நின்றாள். "இன்னிக்கு ஆகாது. நட்சத்திரம் சரியில்லை," என்றாள். உள்ளேயிருந்து சார், "பௌர்ணமிதானே?" என்றார். "பௌர்ணமிதான். ஆனா ஆகாது." தண்ணீரைக் கொண்டுபோய்த் தெருச் சாக்கடையில் ஊற்றினேன்.

அமாவாசையன்று மறுபடி ஏறினேன். "கிரகணம் வரப்போறதாம்," என்றாள். சார் பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்து, இந்தியாவில் எங்கேயும் கிரகணம் இல்லை என்றார். "இங்க தெரியாட்டா என்ன, எங்கேயோ கிரகணம் கிரகணம்தானே?" என்றாள் மாமி. ஹாலில் தொட்டித் தண்ணீர் வற்றி உப்பு ஏறிக்கொண்டிருந்தது. சாமந்தி பாதி மூடிவிட்டது. இரண்டு கேனையும் தோளில் வைத்துக்கொண்டு நான் படியில் நிற்கிறேன்.

"அப்போ எப்பதான் உள்ள வரலாம்?" என்று கத்தினார் சார்.

"சூசைக்கு ஒரு வழி பண்ணிட்டுக் கேளுங்கோ," என்றாள் மாமி, அதே சன்னக் குரலில். "கல்யாணத்துக்கு நிக்கற ஒரு பிள்ளையை மூணு வருஷமாக் காக்க வச்ச பாவம் இந்த ஆத்துல இருக்கு. அது இருக்கற வரைக்கும் சமுத்திரம் உள்ள வரமாட்டேங்கறது. நான் என்ன பண்ண?"

எங்கள் யூனியன் அந்த வருடம் மூன்று தடவை கொடி பிடித்தும் ஒரு டெம்பரவரியைக்கூட நிரந்தரம் ஆக்கவில்லை. மாமி இரண்டு திதியில் முடித்தாள். மறுநாள் காலை டிராயர் திறந்தது. கையெழுத்தைப் போட்டுவிட்டு, மை காய்கிறதா என்று மூன்று தடவை பார்த்துத்தான் காகிதத்தைக் கொடுத்தார்.

அம்பர்நாத் வண்டியைப் பிடித்து அருளப்பரிடம் அதைக் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். "சரி மாப்ள, சாமியாரப் பாப்பம்," என்றார். ரோஸ்மேரி கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தாள். பங்குக் கோயில் சாமியார் காலண்டரைத் திருப்பினார். தவக்காலம் தொடங்கிவிட்டது, ஈஸ்டர் கழிந்துதான் கல்யாணம் என்றார். அருளப்பர் கெஞ்சினார், நான் கெஞ்சினேன். ஒன்றும் நடக்கவில்லை.

மாமியிடம் சொல்லிவிட்டு வர மாட்டுங்காவுக்குப் போனேன். பெர்மனென்ட் ஆன பிறகு அந்த வீட்டுக்கு நான் போக வேண்டிய கட்டாயம் இல்லை. வெறுங்கையோடு, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன்.

"கல்யாணம் எப்போ?" என்று கேட்டாள்.

"ஈஸ்டர் கழிஞ்சுதான் மாமி. இப்பம் தவக்காலம். கோயில்ல வைக்க மாட்டாவ."

"உங்களுக்கும் உண்டா இதெல்லாம்?" அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. "இதுக்குச் சேது மாதிரி ஏதாவது கிடையாதா?"

"கிடையாது மாமி."

"பாவம்," என்றாள் மாமி. ஜன்னலோரத்து டம்ளரில் காப்பியை ஊற்றி வைத்தாள். "ஈஸ்டர் வரைக்கும் சும்மாதானே இருப்பே? வர பௌர்ணமிக்கு வந்து தண்ணியை மாத்திட்டுப் போ."

மாற்றினேன்.